பி.காம். படிக்கும் மகள் விளம்பரத் துறைக்குப் போகட்டுமா?

வணக்கம் சார்,

மகள் பி.காம். கடைசி ஆண்டு படிக்கிறாள், பேங்க் தேர்வுக்குத் தயாராகச் சொன்னால் விளம்பர ஏஜென்சியில் பிளானர் ஆகப் போகிறேன் என்கிறாள், பஸ்ஸிலும் கடையிலும் பார்த்ததை எல்லாம் தினமும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அந்த நோட்டிலிருந்து சில பக்கங்களையும் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பக்கங்களைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பெரம்பூரில் உங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். அவர் காபித்தூள் கடையில் வாரம் தவறாமல் கால் கிலோ அரைத்து வாங்குகிறார். மளிகைக் கடையில் இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டும் சரமாக வாங்குகிறார். யார் கேட்டாலும் "எங்க வீட்ல ஃபில்டர் காபிதான்" என்கிறார். அப்படியானால் அந்தப் பாக்கெட் யாருக்கு? விடியற்காலையில் எழுந்து சமையலைத் தொடங்கும்போது தனக்கு மட்டும் ஒரு டம்ளர் கலந்துகொள்கிறார். டிகாக்‌ஷன் மற்றவர்கள் எழுந்த பிறகு இறங்குகிறது. இதை எழுதிவிட்டுக் கீழே உங்கள் மகள் இப்படிக் குறித்திருக்கிறாள்: "அவங்க பொய் சொல்லல. வீட்டுல என்ன காபின்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. நீங்க என்ன குடிக்கறீங்கன்னு யாரும் கேக்கல."

இந்த மூன்று வரிகளைப் பல முறை படித்தேன். காரணம் சொல்கிறேன். 1950-இல் மேசன் ஹெயர் என்ற அமெரிக்க உளவியலாளர் கிட்டத்தட்ட இதே விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். இன்ஸ்டன்ட் காபி ஏன் பிடிக்கவில்லை என்று நேரடியாகக் கேட்டால், பெண்கள் "ருசி சரியில்லை" என்றார்கள். அவர் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். எல்லாப் பொருளும் ஒன்றே. ஒரு வரி மட்டும் வேறு: ஒன்றில் வழக்கமான காபித்தூள், மற்றொன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட். ஒருவரிடம் ஒரு பட்டியலை மட்டும் கொடுத்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். இன்ஸ்டன்ட் பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றப் பட்டியலைப் பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆக, தடையாக இருந்தது ருசி மட்டும் இல்லை. ‘என்னை என்ன நினைப்பார்கள்’ என்ற பயமும் இருந்தது. உங்கள் மகளுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெருவைப் பார்த்தே அவள் இதன் பக்கத்தில் வந்திருக்கிறாள். பிளானருக்கு வேண்டிய முதல் தகுதி இதுதான்.

சரி, பிளானர் என்ன செய்கிறார்? விளம்பரத்தை எழுதுபவர், படம் எடுப்பவர் எல்லாம் கிரியேட்டிவ் ஆட்கள். கம்பெனியோடு பேசி வேலையை நகர்த்துபவர்கள் அக்கவுண்ட் ஆட்கள். இவர்களுக்கு நடுவே, வாங்குபவரின் பக்கம் நின்று பேசுபவர் பிளானர். விற்பனை தேங்கி நிற்கிறது என்று ஒரு க்ளையன்ட் வந்தால், பிளானர் கணக்குகளைப் படிப்பார், கடைக்காரரிடம் பேசுவார், நாலு வீடுகளுக்குப் போய் அடுப்படி அலமாரியைப் பார்ப்பார். கடைசியில் ஒரே ஒரு பக்கம் எழுதுவார். அதற்கு ப்ரீஃப் என்று பெயர். யாரிடம் பேசுகிறோம், அவர் மனதில் இப்போது என்ன இருக்கிறது, அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் எது, அதை அவர் ஏன் நம்புவார் என்பதுதான் அதில் இருக்கும். நோட்டில் சேர்ந்த நூறு பக்கம், இந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

இந்த வேலை 1968 வாக்கில் லண்டனில் உருவானது. ஜே. வால்டர் தாம்ப்சன் ஏஜென்சியில் ஸ்டீஃபன் கிங் என்பவரும் (இதே பெயரில் பேய்க்கதை எழுதும் அமெரிக்கர் வேறு), பி.எம்.பி. ஏஜென்சியில் ஸ்டான்லி பொலிட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதைத் தொடங்கினார்கள். அதுவரை ஆராய்ச்சி அறிக்கை ஒரு மூலையில் கிடக்கும். விளம்பரம் வேறு மூலையில் தயாராகும். வாங்குபவரைப் பற்றித் தெரிந்தவர் விளம்பரம் உருவாகும் அறைக்குள்ளேயே உட்கார வேண்டும் என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த மாற்றம்.

இந்த வேலைக்குப் பெயர் வேண்டுமானால் லண்டனில் இருந்து வந்திருக்கலாம். யோசிக்கும் முறை நம் ஊரிலும் உண்டு. 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூ என்றாலே தயங்கிய கிராமங்களில், ஒரு பையனின் தலையில் தேய்த்துக் காட்டி, கூடியிருந்தவர்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்க வைத்தார்கள். எந்தப் பிராண்டானாலும் ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றும் அறிவித்தார்கள். முதல் தடவை தொட்டுப் பார்ப்பதில்தான் தயக்கம் இருக்கிறது என்று யாரோ கவனித்துக் கண்டுபிடித்ததால் நடந்த காரியங்கள் இவை.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். "சினிமா ஃபீல்டு மாதிரியா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இது முழுக்க ஆபீஸ் வேலை. ஆனால் புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டி, அதாவது பிட்ச் நடக்கும் வாரங்களில் வீடு திரும்ப இரவு ஆகும். அதை மறைக்க விரும்பவில்லை.

சம்பளத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவுதான். ஐ.டி. கம்பெனிக்குப் போன அவள் தோழியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் சில வருடங்கள் உங்களுக்கு மனம் கஷ்டப்படும். அனுபவம் சேர்ந்த பிறகு வழிகள் விரியும். ஏஜென்சியிலேயே மேலே போகலாம், கம்பெனிகளின் பிராண்ட் பிரிவுக்கு மாறலாம், கான்டார், இப்சாஸ் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்களுக்கும் போகலாம்.

ஊர் மாறுவது அடுத்தது. ஆர்.கே. சுவாமி 1973-இல் இதே மெட்ராஸில்தான் தன் ஏஜென்சியைத் தொடங்கினார். விளம்பரம் சென்னைக்குப் புதிதில்லை. ஆனாலும் பிளானர் என்ற பதவியில் ஆள் எடுக்கும் பெரிய ஏஜென்சிகள் மும்பை, குருகிராம், பெங்களூருவில்தான் அதிகம். நாலைந்து வருடம் வெளியூரில் இருக்க வேண்டி வரலாம். அவளை அனுப்ப முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். வேலை கிடைத்த பிறகு தடுப்பது அவளுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

ஏ.ஐ. வந்து இந்த வேலையைத் தூக்கிவிடாதா என்று அவள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இருக்கிற அறிக்கைகளைத் தொகுத்துச் சுருக்கித் தரும் வேலை, முன்பு புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்தது, இப்போது இயந்திரத்துக்குப் போகிறது. அது உண்மை. எதிர்வீட்டு அம்மா விடியற்காலையில் தனக்கு என்ன கலந்துகொள்கிறார் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அதை நேரில் போய்ப் பார்த்துப் பழகியவளுக்கு இடம் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிப்பு? பி.காம். போதும், அதை நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கட்டும். எண்களைக் கண்டு பயப்படாத பிளானர்கள் அபூர்வம், அவளுக்கு அது பலம். மேற்படிப்பு என்றால் இந்தத் துறையில் முதலில் சொல்லப்படும் பெயர் அகமதாபாத்தில் 1991-இல் தொடங்கிய மைகா (MICA) என்ற கல்வி நிறுவனம். கேட் (CAT) அல்லது எக்ஸாட் (XAT) போன்ற ஒரு மேலாண்மை நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு, அவர்களுடைய மைகேட் தேர்வையும் எழுத வேண்டும். கட்டணம் பல லட்சம் ஆகும். சென்னையிலேயே இருக்க வேண்டுமானால் சேப்பாக்கத்தில் மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் இதழியல்-தொடர்பியல் துறை இருக்கிறது. சமூகவியல், மானிடவியல், உளவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருபவர்களும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த வழி.

அடுத்த ஆறு மாதம் அவள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நோட்டு எழுதுவது தொடரட்டும், ஆனால் இப்போது பாதிப் பக்கங்களில் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறாள். மின்சார ரயிலில் பூ கட்டிக்கொண்டு வரும் பெண்களைப் பற்றிய பக்கம் அழகாக இருக்கிறது, அழகோடு நின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே "ஏன்?" என்று கேட்டு இரண்டு ஊகங்களாவது எழுதட்டும். அப்புறம் எது சரி என்று போய் விசாரிக்கட்டும். ஊகம் தப்பாகப் போனால் அதையும் எழுதி வைக்க வேண்டும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டி விளம்பரங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நம் தாத்தா பாட்டிகள் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று தெரியும். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதை அதில் தேடி, எக்செல்லில் போட்டுப் பழகட்டும். பிறகு தனக்குப் பிடித்த மூன்று பொருள்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று ப்ரீஃப் எழுதட்டும். இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது சர்டிஃபிகேட் கட்டைவிட அந்த மூன்று பக்கங்கள்தான் பேசும்.

இந்த வேலை தனக்குப் பொருந்துமா என்பதை அவளே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உழைத்து எழுதிய யோசனையை மேலே இருப்பவர் ஒரே நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார். இது அடிக்கடி நடக்கும். மறுநாள் வேறொன்றோடு உட்கார முடிகிறதா? தனக்குப் பிடிக்காத மனிதர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா? இரண்டுக்கும் ஆறு மாதம் கழித்து ‘இல்லை’ என்று தோன்றினால் தயங்காமல் விட்டுவிடலாம், பி.காம். கையில் இருக்கிறது, பேங்க் தேர்வும் எங்கும் போய்விடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் சார். சாயந்திரம் அவள் வீட்டுக்கு வந்ததும் "படிச்சியா?" என்பதோடு "இன்னைக்கு என்ன பார்த்த?" என்றும் கேளுங்கள். பேசிப் பேசித்தான் அவளுக்கே தன் யோசனை தெளிவாகும். இந்த வேலையில் பாதி, நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்வதுதான்.

கல்விக் கடன் விண்ணப்பத்தை இப்போது நிரப்ப வேண்டாம். ஒரு ஏஜென்சியிலோ ஆய்வு நிறுவனத்திலோ இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்கட்டும். அதற்குப் பிறகும் அவள் இதையே கேட்டால், மைகா கட்டணத்தையும் வீட்டு வருமானத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள். கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.