வாசகர் கேள்வி பதில்: போர் வண்டியும் எண்ணெய் ரிக்கும்

(வளைகுடாவுலயும் கோதாவரிப் பக்கமும் எண்ணெய்க் கிணறு துளைக்கிற ரிக்ல டிரில்லரா இருந்துட்டு இப்ப காட்பாடியில செட்டில் ஆகியிருக்கிற நம்ம வாசகர் ஒருத்தர் இந்த முறை பதில் சொல்றார்.)

கேள்வி: அண்ணா, எங்கிட்ட ரெண்டு போர் வண்டி கீது. மாதனூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் கருங்கல்லுல 1,200 அடி வரைக்கும் போட்டிருக்கோம். எண்ணெய்க் கிணறு போடுற பாறை நம்ம கல்லை விட மெத்துன்னுதான் இருக்கும்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு அவ்ளோ பெரிய டவரு, அத்தினி ஜெனரேட்டரு? ரிக்கை எதை வச்சு செலக்ட் பண்றாங்க, ஆழத்தை வச்சா?
- போர் வண்டி ஓனர், குடியாத்தம்

பதில்: தம்பி, கல்லைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். ஆனா அங்க பிரச்சனை பாறையை உடைக்கிறதுல இல்ல, போட்ட குழியை நிக்க வைக்கிறதுல. நம்மூர்ல கல்லு தட்டுற வரைக்கும் 40 அடியோ 60 அடியோ பிவிசி பைப் எறக்குவீங்க, ரெண்டு பசங்க தோள்ல தூக்கினு வந்து மாட்டிடுவாங்க, அதுக்குக் கீழ குழி தானா நிக்கும். எண்ணெய் இருக்கிற பக்கம் பூரா களிப்பாறை, மணற்பாறைன்னு அடுக்கடுக்கா இருக்கும், ஒரு அடுக்கு தண்ணி பட்டா உப்பிக்கும், இன்னொண்ணு துளை போடும்போது நாம உள்ள விடுற சேத்தையே குடிச்சிடும், அதனால மேலேர்ந்து ஆழத்துக்கு குழி சரியாம பிடிச்சு நிக்கிற இரும்பு பைப், கேசிங்னு பேரு, எறக்கிக்கினே போகணும், பழைய ரேடியோ ஏரியல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சின்னதாகிக்கினே போவும்.

இப்ப கணக்குக்கு வாங்க. 9 5/8 இஞ்ச் கேசிங், அடிக்கு 47 பவுண்டு. 40 அடி பைப் ஒண்ணே ஒண்ணு 850 கிலோ. 11,000 அடிக்கு மாட்டினா வெறும் காத்துல 234 டன், குழியில நிக்கிற சேத்துல மிதக்குறது போக 199 டன். அத்தனையும் ஒரே கொக்கியில தொங்கணும். துளை போடும்போது தொங்குற டிரில் பைப்பெல்லாம் இதை விட ரொம்ப கம்மிதான். அதனால ஆழம் எவ்ளோன்னு மட்டும் கேக்கக் கூடாது, அந்தக் கிணத்துலயே ரொம்ப கனமான நாள் எதுன்னு கேக்கணும், அந்த நாளைத் தாங்குற ரிக்தான் எடுக்கணும்.

கொக்கியை இழுக்குற வின்ச்சுக்கு, ஒரு ஹெச்பிக்கு 10 அடின்னு ஒரு வாய்க்கணக்கு உண்டு, 1,000 ஹெச்பின்னா 10,000 அடி, 1,500ன்னா 15,000. நேரா எறங்குற கிணத்துக்குப் பரவால்ல. சாஞ்சு போற கிணத்துக்கு இதை நம்பி நான் ஒரு தடவை பட்டிருக்கேன். பாலைவனத்துல ஒரு கிணறு, கம்பெனி பேர் வேணாம், வாடகை கம்மின்னு 1,000 ஹெச்பி ரிக் எடுத்தாங்க, கொக்கி தாங்குறது 5 லட்சம் பவுண்டு, அதாவது 227 டன். பிளான்ல பாதியில ஆழத்தைக் கூட்டிட்டாங்க, ரிக்கை மட்டும் மாத்தல. கேசிங் எறக்குற ராத்திரி, குழியோட அடிமட்டத்துக்கு இன்னும் ஆயிரம் அடி இருக்கும்போது பைப் நின்னுடுச்சு. வெயிட் மீட்டர் முள்ளு 201 டன்ல நிக்குது, கொக்கியைத் தாங்குற பிளாக்கும், பைப்பை மேலேர்ந்து சுத்துற டாப் டிரைவ் மோட்டாரும் சேர்த்துத்தான். மேல இழுத்து அசைக்க எனக்கு மிச்சம் இருந்தது வெறும் 26 டன். சாஞ்ச குழியில உரசலுக்கே அது பத்தாது. முள்ளு 227ஐ தொடுறப்ப டவர் முனகுற சத்தம் கேட்டுச்சு, பிரேக்ல இருந்து கையை எடுக்கவே பயம். கடைசியில நின்ன இடத்துலயே சிமெண்ட் போட்டுட்டு, மீதிக்கு லைனர்னு இன்னொரு சின்ன கேசிங் வாங்கி எறக்கினாங்க. வாடகையில மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போச்சு.

அடுத்தது பம்ப்பு. உங்க ஹேமருக்கு கம்ப்ரஸர் காத்து போதும், கல்லு மாவு மேல பறந்து வந்துடும். அங்க காத்தை விட்டா கீழ இருக்கிற கேஸ் மேல ஏறிடும், அதை அழுத்திப் பிடிக்க கனமான சேறு நிக்கணும். தண்ணியை விடக் கொஞ்சம் கனமா, காலனுக்கு 10 பவுண்டு சேறு 10,000 அடி நின்னா அடியில 5,200 பிஎஸ்ஐ, உங்க லாரி டயர்ல நூத்திச் சொச்சம்தான் போடுறீங்க. சாஞ்ச குழியில தூள் அடிப்பக்கமா படிஞ்சு உக்காந்துக்கும், அதைக் கிளப்பி மேல கொண்டாற 12¼ இஞ்ச் குழிக்கு நிமிஷத்துக்கு 1,000 காலன் ஓடணும். நம்ம தெருவுக்கு வருதே 12,000 லிட்டர் டேங்கர், அது மூணே கால் நிமிஷத்துல காலி, ராத்திரி பகலா. அதுக்குத்தான் 1,600 ஹெச்பி பம்ப்பு ரெண்டு மூணு, அதுக்குத்தான் அத்தினி ஜெனரேட்டரு. குழி நீளமா கிடையா போச்சுன்னா 5,000 பிஎஸ்ஐ பம்ப்பு பத்தாம 7,500 வேணும், இதைக் கான்ட்ராக்ட் போடுறப்பவே பாக்காம விட்டுட்டு அப்புறம் மாத்துறது மகா தலைவலி.

கீழ தளத்துலேர்ந்து பைப்பைச் சுத்துற கெல்லிக் கம்பி வச்ச பழைய ரிக்கா, டாப் டிரைவா? சிக்கலான கிணத்துக்கு டாப் டிரைவ் இல்லாம நான் ஒத்துக்கவே மாட்டேன். கெல்லியில 30 அடிக்கு ஒரு தடவை பைப் மாட்டணும், டாப் டிரைவ்ல 90 அடி ஒரே மூச்சுல போகும், முக்கியமா பைப்பை வெளிய இழுக்கும்போதும் சுத்திக்கினே சேறு அடிக்கலாம், சிக்காம இருக்கிறது அதுலதான். கேஸ் பீறிட்டு வராம அடைக்க கிணத்து வாய்ல மாட்டுற பிஓபி வால்வு 5,000, 10,000, 15,000 பிஎஸ்ஐன்னு வரும், அது கீழ இருக்கிற பிரஷருக்குத் தக்கபடி, பேரம் பேசுற சாமான் இல்ல. 1995ல கோதாவரிப் பக்கம் பாசர்லபுடியில ஒரு கேஸ் கிணறு வெடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல எரிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கேள்வி: சார், கடலுக்கு அடியில இருக்கிற எண்ணெயைக் கரையில நிக்கிற ரிக் வச்சே எடுக்க முடியுமா?
- இன்ஜினியரிங் மாணவி, சத்துவாச்சாரி

பதில்: முடியும்மா, செஞ்சிருக்காங்க. ரஷ்யாவுல சகாலின் தீவுல யாஸ்ட்ரெப்னு ஒரு ரிக், கரையில நின்னுக்கினே கடலுக்கு அடியில 12 கிலோமீட்டருக்கு மேல நீளமான கிணறு போட்டுச்சு. கடல்ல பனி உறையுற இடம், பூகம்பமும் வரும், அதனால அந்தக் கிணத்துக்குன்னே செஞ்ச ரிக் அது. எண்ணெய் கரையை விட்டு ரொம்ப தூரம்னா கடலுக்கே போகணும், 400 அடி தண்ணி வரைக்கும் காலை ஊனி நிக்கிற ஜாக்கப், அதுக்கு மேல மிதக்குற ரிக்தான். 1974ல பாம்பே ஹைல எண்ணெய் கண்டுபிடிச்ச சாகர் சாம்ராட் ஜாக்கப் வகை.

கேள்வி: எங்க வீட்டு போர் தண்ணி தொட்டியில எண்ணெய் மாதிரி கலர் கலரா படலம் மினுக்குது. பாலாறு பேசின்னு ஒண்ணு இருக்காமே, எங்க நிலத்துல எண்ணெய் இருக்குமா?
- இல்லத்தரசி, வாலாஜாப்பேட்டை

பதில்: பாலாறு பேசின், அதாவது மண்ணும் மணலும் ஆழமா படிஞ்ச பள்ளம், நிஜமாவே இருக்கும்மா, ஆனா அது காஞ்சிபுரம் பக்கமா ஆரம்பிச்சு கடலுக்குள்ள போறது. வாலாஜாவுக்குக் கீழ கருங்கல்லு, அதுல எண்ணெய் ஊறாது. ஒரு குச்சியால அந்தப் படலத்தைக் கலைச்சுப் பாருங்க. சில்லு சில்லா உடைஞ்சு அப்படியே நின்னா இரும்புச் சத்துல வளர்ற பாக்டீரியா. உடையாம சுழிச்சு மறுபடி ஒண்ணு சேர்ந்தா எண்ணெய்தான், ஆனா பூமிக்குள்ளேர்ந்து வந்தது இல்ல. உங்களுது காத்து கம்ப்ரஸர் மோட்டாரா இருந்தா அதோட ஆயில்தான் தண்ணியில கலக்குது, இன்னைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க.