மானிட்டரிங் கருவி தரும் அலர்ட் எல்லாவற்றையும் இன்சிடென்ட்டாகப் பதிய வேண்டுமா?

வேண்டாம். சில வருடங்கள் இரவு ஷிப்டில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

ஐடி சேவைகளை நடத்துவதற்கான வழிமுறைத் தொகுப்பான ஐடிஐஎல் (ITIL) கணக்கில் கருவி கவனித்துச் சொல்வது ஈவென்ட். அதில் மூன்று வகை. பேக்கப் முடிந்தது என்றால் வெறும் தகவல். டிஸ்க் நிரம்பி வருகிறது என்றால் எச்சரிக்கை. ஏதோ ஒன்று நின்றே போனால் எக்செப்ஷன். சேவை எதிர்பாராமல் தடைப்பட்டாலோ அதன் தரம் குறைந்தாலோதான் இன்சிடென்ட். மிரர் போட்ட, அதாவது ஒரே டேட்டாவை வைத்திருக்கும் இரண்டு டிஸ்க்கில் ஒன்று போனால்? பயனருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதையும் இன்சிடென்ட் என்றே சொன்னது. வரையறை எப்படி இருந்தாலும் அதற்கு டிக்கெட் போட்டுவிடுங்கள், டிஸ்க்கை யாராவது மாற்றியாக வேண்டும்.

பெரிய சிக்கல் நிறத்தை நம்புவதில்தான் இருக்கிறது. 90 சதவீதம் தாண்டினால் சிவப்பு என்று எல்லா சர்வருக்கும் ஒரே அளவு வைத்திருந்தோம். 100 ஜிபி டிஸ்க்கில் அப்போது மீதி 10 ஜிபி, 4 டிபி டிஸ்க்கில் மீதி 400 ஜிபி. இரண்டும் ஒரே சிவப்பு! ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்படி ஒரு பெரிய டிஸ்க்குக்காக டேட்டாபேஸ்காரரை எழுப்பினோம். பார்த்தால் அது ஒரு நாளைக்கு 1 ஜிபி கூட வளரவில்லை. அதே நேரத்தில் ஆர்டர் க்யூ தேங்குகிறது என்று ஒரு மஞ்சள் வரி கீழே கிடந்தது. காலையில் வாடிக்கையாளர் கூப்பிட்ட பிறகுதான் அதைப் பார்த்தோம். இன்றும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

அதனால் ஒவ்வொரு அலர்ட்டுக்கும் 'இப்போது யார் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டு வகைப்படுத்துங்கள். உடனே கை வைக்க வேண்டும் என்றால் இன்சிடென்ட், ஆளுக்கு அழைப்பும் போகட்டும். நாளை பார்த்தால் போதும் என்றால் சாதாரண டிக்கெட். பதில் கிடைக்கவில்லை என்றால் அது அலர்ட்டாகவே வரக்கூடாது, லாகில் இருக்கட்டும்.

அப்புறம், ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் நாற்பது சர்வரும் கத்தும். நாகியோஸ் என்ற மானிட்டரிங் கருவியில் பேரன்ட், அதாவது எந்த சர்வர் எந்த ஸ்விட்ச்சின் பின்னால் இருக்கிறது என்பதைச் சரியாகக் கொடுத்திருந்தால் அவை டவுன் என்று வராமல் அன்ரீச்சபிள் (எட்ட முடியவில்லை) என்று வரும், ஸ்விட்ச்சுக்கு மட்டும் ஒரு டிக்கெட் போதும். முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.