சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடேறுகிறது: ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

திருச்சியில் இருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு பெட்ரோல் செடான். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு பால்பண்ணை சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தானாக இறங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கூடவே, வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்."

இரண்டு மெக்கானிக்குகளில் யாருடைய யோசனையையும் இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். அவர்கள் சொல்வது தவறாகவே இருக்கும் என்று நான் கூறவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் இருந்து, இருவரும் எதையும் சோதித்துப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சூடேறும் எஞ்சினுக்கு ஊகத்தில் பாகம் மாற்றத் தொடங்கினால் செலவுக்கு முடிவே இருக்காது. அதற்குள் உண்மையான கோளாறு முற்றி எஞ்சினையே கெடுத்துவிடும்.

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தடயம் இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக, எஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் சேருகிறது. அதை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கொட்டியாக வேண்டும். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நிற்கும்போது முழுப் பொறுப்பும் ரேடியேட்டர் ஃபேனைச் சேர்ந்தது. ஏசி ஓடினால் சுமை இன்னும் கூடும். ஏனென்றால் காருக்குள் இருந்து இழுத்த சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால், ரேடியேட்டரைத் தொடும் காற்றே ஏற்கெனவே சூடான காற்றுதான். மே மாத வெயிலில் அதன் நிலையைச் சொல்லவே வேண்டாம். ரேடியேட்டரின் உள்ளே அடைத்திருந்தால், எஞ்சின் அதிகம் உழைக்கும் நெடுஞ்சாலையில்தான் முள் முதலில் ஏறும்; உங்கள் வண்டியில் நடப்பது அதற்கு நேர்மாறானது. ஆகவே சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் காற்றோட்டம்: ஃபேன், அதன் ரிலே, பியூஸ், ஒயரிங், ரேடியேட்டர் இதழ்களில் படிந்த அழுக்கு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் ஃபேனும் சுற்ற வேண்டும். பிறகு ஏசியை அணைத்துவிட்டு எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். கூலன்ட் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஃபேன் தானாக ஓடி, சூடு தணிந்ததும் நிற்க வேண்டும். இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோய், உச்ச வேகம் மட்டும் வேலை செய்வது அடிக்கடி பார்க்கும் கோளாறு. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஃபேன் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும் என்பதால், கையையோ துப்பட்டாவையோ அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஃபேன் ஓடுகிறது என்பதைப் பார்த்ததோடு நிறுத்திவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் புதிய ரேடியேட்டர், புதிய ஃபேன் மோட்டார் இரண்டும் போட்டும் சூடு அடங்காத ஒரு செடான் என்னிடம் வந்தது. ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து முன்பக்க கிரில்லில் வைத்தேன். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது என் கையிலிருந்து வெளியே தள்ளப்பட்டது. மோட்டார் மாற்றியபோது இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்திருந்தார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி எஞ்சின் பக்கத்துச் சூட்டையே ரேடியேட்டர் மீது வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒயர்களை இடம் மாற்றிய பத்து நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்கு முன்பே ஒரு ரேடியேட்டருக்குப் பணம் கொடுத்திருந்தது. அந்த நினைவு வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அழுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. பத்து ஆண்டுகளில் பஞ்சு, பூச்சி, இலைத்துகள், பாலித்தீன் கிழிசல் எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு கம்பளிபோலப் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரியும். பின்னால் இருப்பது கண்ணில் படாது. கண்டென்சரைச் சற்று முன்னே சாய்த்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவச் சொல்லுங்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கி, காற்று போகும் வழியே அடைந்துவிடும்.

அடுத்து, அந்த அரை லிட்டர். "வண்டி தண்ணீர் குடிக்கிறது" என்று பேச்சுவழக்கில் சொல்லி விட்டுவிடுகிறோம். கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. நல்ல நிலையில் உள்ள காரில் மாதக்கணக்கில் ரிசர்வ் டாங்க் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் பொருள். இங்கே ரேடியேட்டர் மூடியை முதலில் கவனிக்க வேண்டும். அதன் மீது 0.9 அல்லது 1.1 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது எத்தனை பார் அழுத்தம் வரை அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கொண்ட கலவை, 1.1 பார் மூடியின் கீழ் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்; சூடேறும்போதெல்லாம் கூலன்ட் ரிசர்வ் டாங்குக்குப் பொங்கி, அங்கிருந்து வெளியே வழிந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக உள்ளிழுத்துக் கிடந்தால், மூடியில் உள்ள சிறிய வேக்குவம் வால்வு திறக்கவில்லை என்று அறியலாம். உங்கள் வண்டியில் ஃபேன் சரியாக ஓடாததும் மூடி தளர்ந்திருப்பதும் சேர்ந்தே இரண்டு புகார்களையும் உண்டாக்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள். அதே எண் உள்ளதையே வாங்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடி நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ஹோஸ் கிழியும்.

மூடி சரியாக இருந்தும் அளவு குறைந்தால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அது. முள் இறங்கினால் கசியும் இடம் பெரும்பாலும் கண்ணிலேயே படும்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. சூடான பாகத்தின் மீது கசிவது தரையில் சொட்டுவதற்கு முன்பே ஆவியாகிவிடும் என்பதால், தரை உலர்ந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ சுண்ணாம்பு போன்ற தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். முன்சீட்டு மேட் பிசுபிசுப்பாக ஈரமாகி, இனிப்பான வாடை அடித்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும், சூடான கூலன்டால் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் கசிகிறது. காருக்கு அடியில் சொட்டும் நிறமற்ற, வாடையற்ற தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் ஊற்றியது குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இப்போது அடைப்பு இல்லாவிட்டாலும் இப்படியே தொடர்ந்தால் அடைத்துவிடும். கோளாறு சரியானதும் பழையதை முழுவதுமாக வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, கார் நிறுவனக் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து நிரப்புங்கள். கலந்தே விற்கும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று எண்ண வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் புதிய கூலன்டோடும் வண்டி சூடேறும். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய்களும் குழந்தைகளும் வாய் வைத்துவிடும்.

யாராவது, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பல பட்டறைகளில் இன்றும் இது நடக்கிறது. சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலை அதிகம் குடித்து, ஆயிலையும் கெடுக்கும். சில எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் சூடு முன்னைவிட ஏறவும் செய்யும். வால்வு பழுதென்றால் புதியது போடுவதே முறை.

ஹெட் கேஸ்கெட்டுக்கு வருவோம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான ஆயில் கேஜைத் துடைத்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் ஆயில் இருந்தால் கூலன்ட் அதில் கலக்கிறது என்று பொருள். சூடான எஞ்சினிலும் சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்து வந்தாலும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய ஒரு நல்ல சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் வாயுவை நீல நிறத் திரவம் ஒன்றின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அது மாறாமல் ஹெட்டை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மாறினால் தள்ளிப்போடாதீர்கள், ஹெட்டை இறக்கும்போது அதன் சமதளத்தை அளந்து பார்க்காமல் வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடவும் விடாதீர்கள். அலுமினிய ஹெட் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கோணியிருந்தாலே புதிய கேஸ்கெட்டும் நிலைக்காது.

இவையெல்லாம் முடியும்வரை வண்டியை ஓட்டியாக வேண்டும் என்றால், தினமும் காலையில் ரிசர்வ் டாங்க் அளவைப் பாருங்கள். பல கார்களில் முள் நடுவில் நிற்கும்படியே அமைத்திருப்பார்கள். ஆகவே பாதியைத் தாண்டுவது சிறிய சமிக்ஞை அல்ல. ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை உச்சத்துக்குத் திருப்புங்கள். உள்ளே புழுக்கமாக இருந்தாலும் எஞ்சினுக்கு இன்னொரு சிறிய ரேடியேட்டர் கிடைத்ததாகும். சிவப்பை நெருங்கினாலோ ஆவி வந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு முகம் வெந்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து; ஹெட் விரிசல் விடும்.

இனி பிரேக். பிரேக் பிடிக்காதபோதும் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங்கைப் பார்க்க வேண்டும். பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரங்களோடு சுற்றும் பிரேக் தட்டுகளான டிஸ்க்குகளில் இருக்கும். "டிஸ்க் பெண்ட்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்; உண்மையில் பெரும்பாலும் டிஸ்கின் தடிமன் ஓர் இடத்தில் கூடியும் ஓர் இடத்தில் குறைந்தும் போயிருக்கும், அல்லது டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் பொருள் திட்டாக ஒட்டியிருக்கும். இங்கும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: மைக்ரோமீட்டரால் தடிமனையும், டயல் கேஜால் ஆட்டத்தையும். எத்தனை மில்லிமீட்டர் வரை தேயலாம் என்பது டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் தடிமன் மிஞ்சும் என்றால் லேத்தில் கடையலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும், பேடுகளோடு. புதிய டிஸ்க் போடும் முன் அது பொருந்தும் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைத் தேய்த்து எடுக்காவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்பி வரும். டயர் பஞ்சர் போட்டபின் நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவதும் டிஸ்க்கைக் கோணச் செய்யும் என்பதால், கடைசி இறுக்கத்தை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறுக்குக்குறுக்காக, கையேட்டில் உள்ள அளவுக்குச் செய்யச் சொல்லி அருகில் நின்று பாருங்கள்.