பாப்பா தினமும் போனில் அழுகிறாள் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பள்ளியில் முதல் மார்க். சென்னை ராணி மேரி கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்தது. விடுதியில் விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி போனில் அழுகிறாள். சாப்பாடு இறங்கவில்லையாம், வகுப்பில் ஒன்றும் புரியவில்லையாம், எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்களாம். டி.சி. வாங்கிக்கொண்டு வந்து இங்கேயே சேர்த்துவிடுங்கள் என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆவடியில் என் தம்பி வீடு இருக்கிறது. பாப்பா அங்கே தங்கிப் போய்வரட்டுமா? இல்லை, வாரா வாரம் ஊருக்கு வரச் சொல்லலாமா? நீங்கள் கல்லூரியில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

டி.சி. வேண்டாம். வீட்டில் அந்தப் பேச்சு ஓடுவது பாப்பாவுக்கும் தெரிந்திருக்கும். எப்படியும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைக்கிற பிள்ளை பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்க மாட்டாள். சேர்க்கை எல்லாம் முடிகிற நேரம் இது. இன்னொரு அரசுக் கல்லூரியில் இடம் தேடுவது சிரமம், பல்கலைக்கழகமும் பாடத்திட்டமும் மாறும், ஒரு வருடமே போகலாம். முதல் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு பேசுவோம் என்று தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஆவடியும் வேண்டாம். லோக்கலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கத்தில் இறங்க வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதைவிடப் பெரிய தயக்கம் எனக்கு, அது சித்தப்பா வீடு என்பதில்தான். உங்கள் தம்பி குடும்பம் தங்கமானவர்களாகவே இருக்கட்டும். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண் காலையில் பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே செய்வாள். ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டுப் படிக்கக் கூசுவாள். விடுதியில் அவள் யாருக்கும் விருந்தாளி இல்லை. சித்தப்பா வீடு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு இருக்கட்டும்.

வாரா வாரம் ஊர் என்பதற்கும் என் பதில் அதேதான். வெள்ளி இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை தூங்காத கண்ணோடு லேபில் நிற்பாள். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி வகுப்பு. எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள் என்பது பாதிதான் உண்மை. அவளைப் போலத் தமிழ் வழியில் வந்தவர்கள் அந்த வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதால் இவள் கண்ணில் படவில்லை. அவளுக்கு இயற்பியல் தெரியும். திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று படித்ததெல்லாம் வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமெண்டம் என்று கரும்பலகையில் ஏறும்போது ஒவ்வொன்றையும் அடையாளம் பிடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இதற்கு வழி எளிது. பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்களுக்கு ஆங்கில வழிப் பதிப்பு உண்டு. அதே பாடம், அதே படம், அதே கணக்கு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தினமும் இரண்டு பக்கம், தமிழ் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். தெரிந்த பாடம் என்பதால் மொழி மட்டும்தான் புதிது, சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். தேர்வைத் தமிழில் எழுத முடியுமா என்று துறைத்தலைவரிடம் அவளே போய்க் கேட்கட்டும். ஆங்கில வழி வகுப்பானாலும் தாய்மொழியில் எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் அவள் அழுகைக்கு இங்கிலீஷும் சாம்பாரும் மட்டும் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வகுப்பில் பள்ளி முதல் மார்க் வாங்கியவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. கல்லூரிக்குள்ளேயே வைக்கிற முதல் இன்டர்னல் தேர்வில் இருபத்தைந்துக்குப் பத்தோ பதினொன்றோ வரலாம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மார்க்கை அவள் பார்த்திருக்க மாட்டாள். அன்றைக்கு அவள் உங்களுக்குப் போன் செய்வாளா, மாட்டாளா என்பதுதான் எனக்கு முக்கியம். கடைக்கு வருகிறவர்களிடம் “மெட்ராஸ்லயும் எம் பொண்ணுதான் முதல் மார்க்கு” என்று சொல்லி வைத்திருக்கிறீர்களா? அப்பாக்கள் சொல்வார்கள். நீங்கள் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சைக் காப்பாற்ற அவள் பொய் சொல்ல வேண்டிவரும். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் மூன்று வருடமும் மறைத்து வைப்பாள். மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் கல்லூரிக்கு வரும் பெற்றோரிடம் அதைச் சொல்வது போன்ற கஷ்டமான வேலை ஆசிரியர்களுக்கு வேறு கிடையாது. முதல் செமஸ்டரில் பாஸானால் போதும் தாயீ என்று இப்போதே, மார்க் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

போனை மாலைக்கு மாற்றுங்கள். ராத்திரி ஒன்பது மணிதான் விடுதி அறையில் பிள்ளைகள் கூடிப் பேசும் நேரம். அந்த நேரம் பார்த்து இவள் வராந்தாவில் போனோடு நிற்கிறாள். அழுதால் குறுக்கே பேசாதீர்கள், போனை உடனே அம்மாவிடம் தள்ளிவிடாதீர்கள். அழுது முடித்ததும் கடையில் நடந்த கதை ஏதாவது சொல்லுங்கள். இரண்டு கிலோ கடலைமிட்டாயும் வாங்கி அனுப்புங்கள், அறையில் இருக்கிற எல்லாருக்குமாக. கோவில்பட்டிக்காரிக்கு அதைவிடச் சுலபமாகச் சிநேகம் பிடிக்க வேறு வழியில்லை.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். செய்தாளா என்று கேளுங்கள். ஏ.டி.எம். கார்டு உங்கள் சட்டைப்பையில் இருந்தால் முதலில் அதை அவளிடம் கொடுங்கள்.

சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள், வகுப்புக்கே போகவில்லை, இருந்து என்ன பயன் என்பது போலப் பேசுகிறாள் என்றால் கடையைச் சாத்திவிட்டு அன்றைக்கே ரயில் ஏறுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். ராகிங் என்று சந்தேகம் வந்தால் 1800-180-5522. ராகிங்கைத் தடை செய்து 1997இலேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. புகார் கொடுக்க யோசிக்க வேண்டாம்.

அவள் இருக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1914இல் தொடங்கிய கல்லூரி, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் அதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கட்டடம் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கதையை யாராவது சீனியரிடம் கேட்கச் சொல்லுங்கள், பேச்சுக்கு ஒரு சாக்கு.

தீபாவளிக்கு ஊருக்கு வரட்டும். முத்துநகர், நெல்லை இரண்டிலும் தீபாவளி டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இப்போது அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு. அந்த டிக்கெட்டை நீங்கள் போடாதீர்கள். தேதியை மட்டும் சொல்லிவிட்டு அவளையே போடச் சொல்லுங்கள். வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் இருக்கிறது.