பதில்: தொடும் முன்பே ஒலிக்கும் துணிச்சுவர்

கை வைத்தால் மெல்ல ஒலிக்கவேண்டிய துணிச்சுவர், ஆள் அருகே வந்தாலே ஒலிக்கிறது. சில மணி நேரம் கழித்துத் தொட்டாலும் பேசாமல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தொடுதலை உணரும் எம்பிஆர்121 மின்னணுப் பலகையில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், கை வைப்பதற்காகத் துணியில் தைத்த பூவிலிருந்து பலகை வரை முழுக்க மின்கடத்தும் நூலாலேயே தைத்திருக்கிறீர்கள். அந்த வழி முழுவதும் தொடுபரப்பாகிவிடுகிறது.

நூலைப் பூவோடு நிறுத்துங்கள். அங்கிருந்து உறையிட்ட மெல்லிய கம்பி போதும். முனையில் 2 செ.மீ. உறையை உரித்து, வளையமாக மடித்து, அதே நூலால் ஏழெட்டுத் தையல் இறுக்கிப் போடுங்கள். எஃகு நூலில் ஈயப்பற்று ஒட்டாது, முயல வேண்டாம். முடிச்சில் துணிப்பசை ஒரு சொட்டு அவசியம். பிரிந்த இழை பக்கத்துப் பூவைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். கம்பிகளுக்கிடையே 3 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பருத்தி ஈரம் உறிஞ்சும், அதனால் பலகை அளக்கும் மதிப்பு மெல்ல மாறும். பின்புறம் பாலியஸ்டர் ஃபெல்ட் வையுங்கள். பேசாமல் போவதற்கு இன்னொரு காரணம்: மின்சாரம் கொடுக்கும் தருணத்தில் யாராவது துணியைத் தொட்டிருந்தால், அதையே தொடாத நிலையாகப் பலகை எடுத்துக்கொள்ளும். ஆளில்லாதபோது இயக்குங்கள்.

தொடு வரம்பு (எவ்வளவு மாறினால் தொட்டதாகக் கொள்வது) 12, விடு வரம்பு (எவ்வளவுக்குக் குறைந்தால் கையை எடுத்ததாகக் கொள்வது) 6 என்று நிரலில் தொடங்கி, காட்சிக்கூடத்திலேயே, அங்கே பயன்படுத்தும் அதே மின்வழங்கியோடு சரிசெய்யுங்கள். மடிக்கணினி பேட்டரியில் வைத்த அளவு அங்கே பொருந்தாது.

ஒலி 2 விநாடியில் மெல்ல எழட்டும். சட்டென்று எழுந்தால் குழந்தைகள் தட்டித் தட்டி விளையாடுவார்கள், கையை ஊன்றி நிற்கமாட்டார்கள்.