கதவுக்குப் பின்னால் நிற்கும் பை

கேள்வி: அன்புள்ள அக்கா, என் வீட்டுக்காரர் கூடைப்பந்து ஆட்டக்காரர். வயது 29. எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆறு வருடத்தில் ஐந்து குழு மாறிவிட்டார். ஜோகூர், சபா என்று யார் கூப்பிட்டாலும் போவார். சீசன் முடிந்தால் மூன்று, நான்கு மாதம் சம்பளம் கிடையாது. என் கிளினிக் கவுண்டர் சம்பளத்தில்தான் வீடு ஓடும். பயணப் பையை அவர் முழுசாகப் பிரிப்பதே இல்லை. கதவுக்குப் பின்னால் எப்போதும் தயாராக நிற்கிறது. இப்போது தாய்லாந்தில் ஒரு கிளப் நான்கு மாதத்துக்குக் கூப்பிடுகிறது. என் அண்ணன் போர்ட் கிள்ளானில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். ‘ஒரு குழுவிலும் நிலைக்காதவன்’ என்று என் பிறந்த வீட்டில் பேசுகிறார்கள். விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் பாவமா?

பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாவமே இல்லை, தங்கச்சி. குழந்தையையும் வைத்துக்கொண்டு தனியாக வீட்டை ஓட்டுகிற உங்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் இந்த முறை கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவர் போகட்டும். சில விஷயங்கள் கையெழுத்தோடு காகிதத்தில் வந்த பிறகு போகட்டும். வராவிட்டால் போர்ட் கிள்ளான் வேலைதான்.

நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பை எனக்குப் பழக்கமானது. என் அப்பா ஹாக்கி ஆடியவர். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்து, மலேசியா நான்காவதாக வந்ததே, அந்தக் காலத்து ஆள். தேசியக் குழு அளவுக்கு அவர் போகவில்லை; ஒரு அரசாங்க இலாகாவின் குழுவில் ஆடினார். எங்கள் வீட்டுக் கதவோரத்திலும் ஒரு கான்வாஸ் பை நின்றது. திறந்தால் கோடாலித் தைல வாசனை, சுருட்டி வைத்த கிரேப் பேண்டேஜ், காய்ந்த புல் ஒட்டிய காலுறை. ஈப்போவுக்கோ மூவாருக்கோ ஆடப் போய்விட்டு வருவார். வந்த முதல் நாள் நான் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேனாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை அப்பாவுக்கு முட்டி திருகிக்கொண்டது. ஆறு வாரம் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் மாதச் சம்பளம் தவறவில்லை. ஏனென்றால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஆட்டம் அல்ல, இலாகா. மின்சாரம், போலீஸ், பேங்க் என்று அன்றைக்கு விளையாடத் தெரிந்த நம் பையன்களுக்கு ஆட்டத்தோடு வேலையும் சேர்ந்து வந்தது. வேலையோடு பென்ஷனும் வந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த இலாகா இல்லை. கால் நன்றாக இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு வருமானம். நீங்கள் பயப்படுவதும் இதற்காகத்தான், அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் ‘நிலைக்காதவன்’ என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடைப்பந்தில் ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒருவர் காலை முறித்துக்கொண்டால் உடனே இன்னொருவர் வேண்டும். பயிற்றுநர் மாறினால் பாதிக் குழு மாறும். ஒப்பந்தமே ஒரு சீசனுக்குத்தான் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரை ஐந்து குழு துரத்திவிட்டதாக உங்கள் வீட்டில் எண்ணுகிறார்கள். ஐந்து தடவை யாரோ ஒரு பயிற்றுநர் போனை எடுத்து, ‘இந்தப் பையன் வந்தால் சமாளித்துவிடுவான்’ என்று கூப்பிட்டிருக்கிறார். ஆட்டம் சரியில்லாதவனுக்கு இரண்டாவது அழைப்பே வராது.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-யில் இஷ் ஸ்மித் என்று ஒருவர். 2010-இல் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைக் குழுக்கள் தேர்ந்தெடுக்கிற ஏற்பாட்டில், அவர் பெயரை எந்தக் குழுவும் எடுக்கவில்லை. அப்புறம் 13 குழுக்களுக்கு ஆடினார். அந்த லீக்கில் அத்தனை குழுக்களுக்கு ஆடியவர் அதற்கு முன் யாருமில்லை. பதின்மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்த டென்வர் குழு 2023-இல் சாம்பியன் ஆனது. அவர்களுடைய சம்பளக் கணக்கு வேறு, நம் வீட்டுக் கணக்கு வேறு, அது எனக்கும் தெரியும். அதனால் ஆண்ட்ரே இங்ரமைப் பாருங்கள், அவர் நமக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறார். என்.பி.ஏ.-வுக்கு ஒரு படி கீழே இருக்கும் லீக்கில் பத்து வருடம் ஆடியவர். அந்தச் சம்பளம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். பௌதிகம் படித்த பட்டதாரி. 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி, 32 வயதில், முதன்முதலாக என்.பி.ஏ.-யின் லேக்கர்ஸ் குழுச் சட்டை போட்டு இறங்கி 19 புள்ளிகள் எடுத்தார். அந்த ஓர் இரவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த டியூஷன்தான்.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2016-இல் மலேசியா டிராகன்ஸ் குழு ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை வென்றபோது பந்தைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஜேசன் பிரிக்மேன். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் அசிஸ்ட், அதாவது கூட்டாளி புள்ளி எடுக்கும்படி பந்து, கொடுத்த ஆட்டக்காரர். இங்கிருந்து தாய்லாந்து, தைவான் என்று அவரும் போய்க்கொண்டேதான் இருந்தார். ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள் யாரும் அவரை ‘நிலைக்காதவன்’ என்று சொல்லவில்லையே.

அதே ஆசியான் லீக் 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் நின்றது. அந்த சீசன் முடியவே இல்லை, ரத்தாகிவிட்டது. ஒரு லீக் நின்றால் அதில் ஆடுகிற அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வீட்டில் உட்காருவார்கள். அதனால்தான் காகிதம், காகிதம் என்கிறேன்.

ஒப்பந்தத்தை ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் போதாது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட முழு ஒப்பந்தம் உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். அதில் நான் முதலில் தேடுவது காயத்தைப் பற்றிய பகுதி. இரண்டாவது வாரத்தில் கணுக்கால் திருகிக்கொண்டால் என்ன ஆகும்? மிச்ச மாதங்களின் சம்பளம் வருமா, அல்லது ‘நன்றி, போய் வாருங்கள்’ என்று டிக்கெட் போட்டுக் கொடுப்பார்களா? எம்.ஆர்.ஐ. எடுக்க யார் பணம் கட்டுவார்கள்? ஆபரேஷன் தேவைப்பட்டால் அங்கேயா, இங்கேயா? வீட்டுக்கு வந்த பிறகு பிசியோவுக்கு யார் கொடுப்பார்கள்? ‘மருத்துவச் செலவு கிளப்பைச் சேரும்’ என்று ஒரே வரியில் இருந்தால் விடாதீர்கள், பிரித்து எழுதச் சொல்லுங்கள். நான்கு மாத ஒப்பந்தத்தில் ஒரு கணுக்கால் ஆறுவதற்கே பாதிக் காலம் போய்விடும். சம்பளம் உத்தரவாதமானது, காயம்பட்டாலும் தரப்படும் என்று இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். கிளப் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தால் அது நான்கு மாத ஒப்பந்தமே அல்ல. ஒவ்வொரு நாளாக நீட்டிக்கிற ஒப்பந்தம் அது.

அடுத்தது, சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவது? உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2007-இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் தொடங்கியது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் சம்பள பாக்கிக்காகப் போகிற இடம் அதுதான். ஆனால் தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் கதவு திறக்கும். எழுதியிருந்தாலும் வழக்குப் போடவே கட்டணம் கட்ட வேண்டும். ஒரு மாதச் சம்பள பாக்கிக்காக அங்கே போவது கட்டுப்படியாகாது. ஆகவே முதல் மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வேலை பெர்மிட், போக வர டிக்கெட், தங்குமிடம் மூன்றும் கிளப் பொறுப்பு. சுற்றுப்பயணியாக நுழைந்து ஆட்டம் ஆட வேண்டாம். நாடு மாறி ஆட இங்குள்ள சங்கத்திடமிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும். திரும்பி வந்து இங்கே ஆட அங்கிருந்து அதே கடிதம் வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதி தெளிவாக இல்லாவிட்டால் அந்தக் கடிதம் இழுபறியாகும்.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அவருடைய இ.பி.எஃப். கணக்கை, அதாவது ஊழியர் சேமநிதிக் கணக்கை, போனில் திறந்து பாருங்கள். இங்கே ஆடிய வருடங்களில் அவரைத் தொழிலாளியாக வைத்திருந்த கிளப்பாக இருந்தால், அவர் சம்பளத்தில் 11 விழுக்காடும் முதலாளி பங்காக 12 அல்லது 13 விழுக்காடும் ஏறியிருக்க வேண்டும். ‘அலவன்ஸ்’ என்று சொல்லிக் கையில் கொடுத்திருந்தால் ஒன்றும் இருக்காது. தாய்லாந்துச் சம்பளத்திலும் ஒன்றும் ஏறாது. சொந்தமாக இ.பி.எஃப்.-இல் கட்ட ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. வருட வரம்புக்குள் அரசாங்கமும் அதில் ஒரு பங்கு போடும். முதல் சம்பளம் வந்த அன்றே கட்டச் சொல்லுங்கள், கடைசிச் சம்பளம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

அண்ணனிடம் இந்த வேலை ஐந்து மாதம் கழித்தும் கிடைக்குமா என்று நேராகக் கேளுங்கள். கிடைக்காது என்றால் அதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள். ஆனால் அண்ணன் வேலையைக் காட்டி அவரைக் குத்த வேண்டாம். 29 வயது ஆட்டக்காரருக்குத் தன் கால் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும். தாய்லாந்திலிருந்து வந்ததும், சும்மா இருக்கும் அந்த மாதங்களில், தேசியப் பயிற்றுநர் சான்றிதழின் முதல் நிலையை அவர் எழுத வேண்டும். அதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஐந்து குழுக்களின் ஆட்டத்தை உள்ளே இருந்து பார்த்தவர் அவர். பயிற்றுநராக நின்றால் அவரிடம் ஆட்டம் கற்கிற பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், கிளினிக் சம்பளத்தைப் பற்றி. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நான்கு மாதமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்கான செலவு அவர் அனுப்பும் பணத்தில் முதல் செலவாக இருக்க வேண்டும். மாமியாரிடமோ அம்மாவிடமோ போய் நின்று நீங்கள் கேட்கிற உதவியாக அது இருக்கக் கூடாது. தினமும் இரவு ஒரே நேரத்தில் அவர் வீடியோ காலில் வரட்டும். இரண்டு வயதுக் குழந்தை போனில் முகத்தைப் பார்த்து ஓடிவிடும், பரவாயில்லை. அவர் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு, காயத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன்பு அனுப்புங்கள்.