மகனுக்குப் பங்குச்சந்தை கற்றுத்தர நகைக்கடன் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் அருகே அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். மகன் பிளஸ் ஒன்னில் வணிகவியல் படிக்கிறான். பங்கு முதலீட்டைச் சிறு வயதிலேயே கற்கட்டும் என்று என் தம்பி சொன்னதால், மகன் பெயரில் மைனர் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கி, சேமிப்பிலிருந்து ரூ.1.5 லட்சத்தை ஆறு நிறுவனங்களில் தலா ரூ.25,000 வீதம் போட்டோம். அவற்றில் ஒரு சிறிய நிறுவனத்தின் விலை இறங்கிக்கொண்டே போனது. “குறைந்த விலையில் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்தால்தான் மீள முடியும், பையனுக்கும் அது பாடம்” என்று தம்பி மூன்று முறை தலா ரூ.50,000 கேட்டான். மூன்று முறையும் 9.5% வட்டிக்கு நகைக்கடன் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு பங்கின் மதிப்பு இப்போது ரூ.95,000, மற்ற ஐந்தும் சேர்ந்து ரூ.1.35 லட்சம். விடுமுறையில் மகனை ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வைத்து நடக்கும் வர்த்தகம்) வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறான் தம்பி. இந்தப் பங்குத் தொகுப்பை (போர்ட்ஃபோலியோவை) எப்படிச் சீரமைப்பது?

பதில்: பங்கு என்றால் என்ன, ரிஸ்க் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்கும் மகனுக்கும் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைப்பது, விலை இறங்கும்போதெல்லாம் தம்பி கேட்பதும் நீங்கள் நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதும்தான். முதலில் இது நிற்க வேண்டும்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். மொத்தத்தில் ஆறில் ஒரு பகுதியாக, அதாவது சுமார் 17% ஆக இருந்த அந்த நிறுவனத்தில் மேலும் ரூ.1.5 லட்சம் போட்டதால், மொத்த முதலீடான ரூ.3 லட்சத்தில் ரூ.1.75 லட்சம், அதாவது 58% ஒரே இடத்தில் முடங்கிவிட்டது. ஆறு நிறுவனங்களில் பரவியிருந்த பணம், உங்கள் கையாலேயே, ஏற்கெனவே நட்டத்தில் இருந்த நிறுவனத்தில் குவிந்திருக்கிறது. போட்ட அசல் கைக்கு வர, ரூ.95,000 ரூ.1.75 லட்சமாக வேண்டும். அதற்கு இன்றைய விலையிலிருந்து 84% ஏற வேண்டும். அது ஏறும்வரை நகைக்கடனுக்கு ஆண்டுக்கு ரூ.14,250 வட்டி ஓடும். அந்த நிறுவனத்தின் கடைசி ஆண்டறிக்கையைத் தம்பி படித்தாரா, எந்தக் காரணத்தால் விலை மீளும் என்று நம்புகிறார் என்பது குறித்து உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. விலை குறைந்திருப்பது மட்டுமே காரணமென்றால், அது வாங்குவதற்கான காரணம் ஆகாது.

மகனுக்கு இதை விளக்க ஒரு உண்மை நிகழ்வு இருக்கிறது. 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டபோது, டெபாசிட் போட்டவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் முதலோ முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் விலை இறங்க இறங்க ஆவரேஜ் செய்தவர்கள் சராசரி விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள், முடிவில் அந்தச் சராசரி எவ்வளவு குறைவாக இருந்தும் பயன்படவில்லை. எட்டு நிறுவனங்களில் சமமாகப் பிரித்து வைத்திருந்தவருக்கு எட்டில் ஒரு பகுதி போயிருக்கும். உங்களைப் போல 58% வைத்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஆகவே அந்த ஒரு பங்கை விற்று, வரும் ரூ.95,000ஐ அப்படியே நகைக்கடனில் கட்டிவிடுங்கள். மீதம் ரூ.55,000 நிற்கும், சம்பளத்திலிருந்து மாதம் ரூ.8,000 ஒதுக்கினால் ஏழெட்டு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மற்ற ஐந்து பங்குகளை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. மைனர் கணக்கு என்பதால் வரி மிச்சமாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். பிள்ளையின் முதலீட்டு வருமானம் பெற்றோரின் வருமானத்துடன்தான் சேர்க்கப்படும்.

ஆப்ஷன் வகுப்பு வேண்டவே வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்தார்கள் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு. மைனர் பெயரில் ஆப்ஷன் வர்த்தகம் செய்யவும் முடியாது. ஆகவே அந்தப் ‘பயிற்சி’ உங்கள் கணக்கிலோ தம்பியின் கணக்கிலோ, உங்கள் பணத்தில்தான் நடக்கும். பங்கு விலைகளை வைத்து நடத்தப்படும் மெய்நிகர் வர்த்தகப் போட்டிச் செயலிகள் குறித்தும் 2024 நவம்பரில் செபி எச்சரித்திருக்கிறது.

பள்ளி மாணவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கற்பனையாக ரூ.1 லட்சத்தை எட்டு நிறுவனங்களுக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே துறையில் இரண்டுக்கு மேல் வேண்டாம். டிவிஎஸ் மோட்டார், டைட்டன், சிட்டி யூனியன் வங்கி என்று அவன் கண்ணால் பார்க்கக்கூடிய நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம். இவை வாங்குவதற்கான பரிந்துரை அல்ல, ஆண்டறிக்கை படித்துப் பழகுவதற்கானவை. ஒவ்வொன்றுக்கும் ஏன் தேர்ந்தெடுத்தான் என்பதை இரண்டு வரியிலும், என்ன நடந்தால் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வான் என்பதை ஒரு வரியிலும் எழுத வேண்டும். அந்த மூன்றாவது வரிக்காக அவனிடம் பிடிவாதமாக இருங்கள், ஏனெனில் தம்பியின் அணுகுமுறையில் இல்லாதது அதுதான். விலையைத் தினமும் பார்க்க வேண்டாம். காலாண்டு முடிவுகள் வரும்போது மட்டும் நோட்டைத் திறந்து, தன் எட்டு நிறுவனங்களின் கூட்டு மதிப்பை, ஐம்பது பெரிய நிறுவனங்களின் விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டுடன் ஒப்பிட்டு எழுதட்டும். நான்கு காலாண்டுகள் இதைச் செய்தால், குறியீட்டைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பது அவனுக்கே தெரியவரும்.

தம்பியிடம் கோபப்பட வேண்டியதில்லை. நகைக்கடன் முடியும்வரை பங்குக்குப் பணம் இல்லை என்று மகன் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். கடன் முடிந்த பிறகு விருப்பமிருந்தால், மாதம் ரூ.500 ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் பரஸ்பர நிதியில்) போடலாம். நோட்டில் எழுதிய நிறுவனங்களை வாங்குவதா என்பதை, 18 வயது நிறைந்து தன் பெயரில் கணக்கு தொடங்கும்போது அவன் முடிவு செய்யட்டும்.